350 ரூபாய் கூலன்ட்டா, 20,000 ரூபாய் இன்ஜின் வேலையா? பைக் இஎம்ஐ கட்டுறவங்களுக்கு ஒரு கணக்குப் பாடம்



எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், எமர்ஜென்ஸி ஃபண்ட்னு நம்ம சேனல்ல நிறைய பேசியிருக்கோம். இன்னைக்குத் தலைப்பு கொஞ்சம் வேற: பைக் கூலன்ட். "பணத்தைப் பத்திப் பேசுற இடத்துல மெக்கானிக் வேலை எதுக்கு?"ன்னு தோணலாம். காரணம் இருக்கு.

வேலைக்குச் சேர்ந்த முதல் ரெண்டு மூணு வருஷத்தில் பலர் வாங்குற முதல் பெரிய பொருள் பைக்தான். வாங்கும்போது ஆன்ரோடு விலை, டவுன் பேமென்ட், வட்டி விகிதம்னு எல்லாத்தையும் அலசிடுறோம். வாங்கின பிறகு அதை நல்லபடியா வெச்சிருக்க ஆகுற செலவை மட்டும் பட்ஜெட்டில் எழுதுறதில்லை. அப்படி எழுதாம விடுற செலவுகளில் ரொம்பச் சின்னது கூலன்ட். கவனிக்காம விட்டா பெரிய பில்லா வந்து நிக்கிறதும் அதுதான்.

இந்தப் பாடத்தில் அஞ்சு விஷயம் பார்க்கப் போறோம். கூலன்ட் என்ன வேலை செய்யுது, எதை வாங்கணும், எப்படி மாத்தணும், சர்வீஸ் சென்டரில் என்ன கேட்கணும், இதுக்கு மாசம் எவ்வளவு ஒதுக்கணும்.

முதல்ல, உங்க பைக்குக்குக் கூலன்ட் தேவையா?

எல்லா பைக்குக்கும் கூலன்ட் கிடையாது. ஹீரோ ஸ்ப்ளெண்டர், ஹோண்டா ஷைன் மாதிரி வண்டிகளில் இன்ஜினைக் காற்றுதான் குளிர வைக்கிறது. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, ஹன்டர் 350 இரண்டிலும் காற்றோடு இன்ஜின் ஆயிலும் அந்த வேலையைச் செய்கிறது. இவற்றில் கூலன்ட் ஊற்ற இடமே இல்லை. இந்த மாதிரி வண்டியோட பில்லில் "கூலன்ட்"னு ஒரு வரி இருந்தா, பணம் கட்டுறதுக்கு முன்னாடி அது என்னன்னு கேளுங்க.

யமஹா ஆர்15, எம்டி-15, பஜாஜ் பல்சர் என்எஸ்200, டோமினார் 400, கேடிஎம் டியூக் வரிசை, டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310, டிரயம்ஃப் ஸ்பீடு 400, ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 இதெல்லாம் லிக்விட் கூல்டு. யமஹா ஏராக்ஸ் 155 ஸ்கூட்டரும் அப்படித்தான். சந்தேகம் இருந்தா முன் சக்கரத்துக்குப் பின்னாடி குனிஞ்சு பாருங்க. சீப்பு மாதிரி மெல்லிய தகடுகளோட ஒரு ரேடியேட்டரும், அதிலிருந்து கறுப்பு ரப்பர் ஹோஸ்களும் இன்ஜினுக்குப் போகுதுன்னா இந்தப் பாடம் உங்களுக்குத்தான். ஆனா ஆயில் கூல்டு வண்டிகளிலும் ரேடியேட்டர் மாதிரியே ஒரு சின்ன ஆயில் கூலர் இருக்கும். அதனால மேனுவலையும் ஒரு தடவை பார்த்து உறுதி பண்ணிக்கங்க.

கூலன்ட் செய்யுற மூணு வேலை

சிலிண்டருக்குள்ளே பெட்ரோல் எரியும்போது அந்த வாயுவின் வெப்பம் ஒரு நொடித் துளிக்கு 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சிலிண்டர் ஹெட்டும் பிஸ்டனும் அலுமினியக் கலவை. சுத்தமான அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிடும். அப்படியிருந்தும் இன்ஜின் உருகாம ஓடுதுன்னா, வெப்பத்தை யாரோ இடைவிடாம அள்ளிக்கிட்டுப் போறாங்கன்னு அர்த்தம். அதுதான் கூலன்ட்டோட முதல் வேலை. வாட்டர் பம்ப் தள்ள, இன்ஜினைச் சுத்தி ஓடி, ரேடியேட்டருக்குப் போய் வெப்பத்தைக் காற்றில் விட்டுட்டுத் திரும்ப வருது.

ரெண்டாவது வேலை, கொதிக்காம இருக்கிறது. சாதாரண அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதியா கலந்தா கொதிநிலை 107 டிகிரி வாக்கில் போகும். ரேடியேட்டர் மூடியில் ஒரு ஸ்பிரிங் இருக்கு, கவனிச்சிருக்கீங்களா? அது உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கும். குக்கர் விசில் மாதிரி. அந்த அழுத்தத்தால் கொதிநிலை 120 டிகிரியையும் தாண்டிடும். ஓஎம்ஆர் சிக்னலில் மே மாசம் மதியம் பத்து நிமிஷம் நின்னாலும் கொதிக்காம இருக்கிறது இதனாலதான்.

மூணாவது வேலை யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனா பணக் கணக்கில் அதுக்குத்தான் முதல் இடம். துருவையும் அரிப்பையும் தடுக்கிறது. கூலன்ட்டில் கிளைக்காலோடு அரிப்புத் தடுப்பு ரசாயனங்கள் கொஞ்சம் கலந்திருக்கும். அலுமினியம், ஸ்டீல், ரப்பர் சீல்னு எல்லாம் ஒரே திரவத்தில் நனையுற இடத்தில் இந்த ரசாயனங்கள்தான் காவல். நாள் ஆக ஆக இது தீர்ந்துடும். கிளைக்காலும் பழசாகப் பழசாக அமிலத்தன்மை அடையும். அப்புறம் ரேடியேட்டரில் ஊசி முனை அளவு ஓட்டை விழுறது, வாட்டர் பம்ப் சீல் தேய்றது, உள்ளே கசடு அடைக்கிறது எல்லாம் ஒண்ணொண்ணா ஆரம்பிக்கும்.

இங்கே ஒண்ணைக் கவனிங்க. வண்டியை ஓட்டாம நிறுத்தி வெச்சாலும் இந்த ரசாயனம் பழசாகிக்கிட்டேதான் இருக்கும். அதனால "ஒர்க் ஃப்ரம் ஹோம்தானே, பைக் மாசம் 200 கிலோமீட்டர்கூட ஓடலையே"ன்னு கூலன்ட்டைத் தள்ளிப் போட முடியாது. மேனுவலில் கிலோமீட்டரோட வருஷமும் போட்டிருப்பாங்க. பல மாடல்களில் ரெண்டு அல்லது மூணு வருஷம், சிலதில் அதைவிட அதிகம். எது முதல்ல வருதோ அதுதான் கணக்கு.

"நம்ம ஊர்ல ஏது உறைபனி? தண்ணியே போதாதா?"

டப்பாவில் "ஆன்டிஃப்ரீஸ்"னு போட்டிருக்கிறதால வர்ற கேள்வி இது. உறையாம இருக்கிறது கூலன்ட்டோட ஒரு குணம், அவ்வளவுதான். 50:50 கலவை சுமார் மைனஸ் 37 டிகிரி வரைக்கும் உறையாது. சென்னைக்கோ மதுரைக்கோ அது தேவையில்லை. நமக்குத் தேவைப்படுறது மத்த ரெண்டு குணம், கொதிக்காம இருக்கிறதும் அரிக்காம இருக்கிறதும். (டிசம்பர், ஜனவரியில் ஊட்டிக்கு ரைடு போய் ராத்திரி வெளியே வண்டியை நிறுத்துறவங்களுக்கு உறையாத குணமும் தேவைப்படலாம். தண்ணீர் உறைஞ்சா சுமார் 9 சதவீதம் விரியும். ரேடியேட்டரால அதைத் தாங்க முடியாது.)

உண்மையைச் சொன்னா, வெப்பத்தை அள்ளிட்டுப் போறதில் தண்ணீர்தான் கிளைக்காலைவிடக் கெட்டி. ஆனா வெறும் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், உலோகத்தையும் அரிக்கும். அதிலும் போர் தண்ணீர்னா கேட்கவே வேண்டாம். பாத்ரூம் பைப்பில் வெள்ளையா உப்பு படியுதே, அதே படிவம் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளேயும் படியும். வெப்பம் வெளியே போக முடியாம அது போர்வை மாதிரி மூடிடும். ஆர்ஓ தண்ணீரிலும் தாது உப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கும். கலக்கணும்னா டிஸ்டில்ட் வாட்டர் அல்லது டிஎம் வாட்டர் மட்டும்தான்.

ஒரு எச்சரிக்கை. பேட்டரிக் கடையில் டிஸ்டில்ட் வாட்டரும் பேட்டரி ஆசிடும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கேனில் இருக்கும். லேபிளைப் படிக்காம வாங்காதீங்க.

எதை வாங்கணும்? கலரைப் பார்த்து வாங்காதீங்க

"அண்ணா, ஒரு லிட்டர் பச்சை கூலன்ட் குடுங்க"ன்னு கேட்டு வாங்குறது நம்ம ஊர் வழக்கம். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் வெறும் சாயம். எந்த ரசாயனத்துக்கு எந்த நிறம்னு எல்லா கம்பெனியும் ஒத்துக்கிட்ட விதி எதுவும் கிடையாது. ஒரே பச்சை நிறத்தில் ரெண்டு கம்பெனி வேற வேற ரசாயனம் விக்கலாம்.

பார்க்க வேண்டியது உள்ளே இருக்கிற அரிப்புத் தடுப்பு வகை. பெரும்பாலும் மூணு பேரைப் பார்ப்பீங்க.

- ஐஏடி: சிலிகேட், பாஸ்பேட் மாதிரி தாது உப்புகள் கொண்ட பழைய வகை. சீக்கிரம் வேலை செய்யும், சீக்கிரம் தீரும். பொதுவா ரெண்டு வருஷம்.
- ஓஏடி: கரிம அமிலங்கள் கொண்ட வகை. மெதுவா தீரும். அஞ்சு வருஷம்னுகூட லேபிளில் போட்டிருப்பாங்க.
- எச்ஓஏடி: ரெண்டும் கலந்த வகை.

"அஞ்சு வருஷம்னு போட்டிருக்கிறதையே வாங்கிடலாமே"ன்னு நினைக்காதீங்க. உங்க பைக் மேனுவல் எதைச் சொல்லுதோ அதுதான் சரி. உதாரணமா, ஜப்பானிய நிறுவனங்கள் பல சிலிகேட் இல்லாத கூலன்ட்டைக் கேட்கும். சிலிகேட் துகள் வாட்டர் பம்ப் சீலைத் தேய்க்கும்ங்கிறது அவங்க காரணம். மேனுவலில் "சிலிகேட் இல்லாதது", "அலுமினிய இன்ஜினுக்கு ஏற்றது"ன்னு ஒரு வரி இருக்கும். அந்தப் பக்கத்தை ஃபோனில் படம் எடுத்து வெச்சுக்கிட்டுக் கடைக்குப் போங்க.

டப்பாவின் பின்பக்கம் ஏதாவது தர எண் இருக்கான்னும் பாருங்க. இந்தியத் தரம் ஐஎஸ் 5759. ஜப்பானியத் தரம் ஜேஐஎஸ் கே 2234. அமெரிக்கத் தரம் ஏஎஸ்டிஎம் டி 3306. இதில் எதுவுமே இல்லாம "சூப்பர் கூல்"னு மட்டும் எழுதியிருந்தா, விலை எவ்வளவு குறைவா இருந்தாலும் வெச்சுட்டு வந்துடுங்க.

ரெண்டு வகையை ஒண்ணா கலக்காதீங்க. கலந்தா அரிப்புத் தடுப்போட ஆயுள் குறையும். சில நேரம் கூழ் மாதிரி திரிஞ்சு ரேடியேட்டரை அடைச்சுக்கும். உள்ளே என்ன இருக்குன்னே தெரியலைன்னா டாப்-அப் பண்ணாம முழுசா மாத்திடுறதுதான் நல்லது.

"ரேஸிங் கூலன்ட்" விளம்பரத்தைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். கிளைக்கால் கீழே சிந்தினா பயங்கரமா வழுக்கும். அதனால பல ரேஸ் டிராக்குகளில் அதுக்கு அனுமதி இல்லை. அவங்களுக்காகக் கிளைக்கால் இல்லாம தயாரிக்கிற சரக்கு அது. தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்கு ஆபீஸ் போற வண்டிக்கு அதனால் எந்த லாபமும் இல்லை.

பிரீமிக்ஸா, கான்சன்ட்ரேட்டா? இங்கேதான் பணம் வீணாகுது

பிரீமிக்ஸ் தண்ணீர் கலந்தே வரும். அப்படியே ஊத்தலாம். கான்சன்ட்ரேட்டில் நாமதான் டிஸ்டில்ட் வாட்டர் கலக்கணும்.

ரெண்டு விதமா தப்பு நடக்குது. ஒண்ணு, பிரீமிக்ஸை வாங்கி இன்னொரு பங்கு தண்ணீர் கலக்கிறது. கிளைக்கால் கால்வாசியாகி, அரிப்புத் தடுப்பும் பாதியாகிடும். இன்னொண்ணு, கான்சன்ட்ரேட்டை அப்படியே ஊத்துறது. "கெட்டியா இருந்தா இன்னும் நல்லதுதானே"ன்னு தோணும். ஆனா தண்ணீர் குறையக் குறைய வெப்பத்தை அள்ளுற சக்தியும் குறையும். பணமும் அதிகம், சூடும் அதிகம்.

விலையை ஒரு கணக்கா பார்ப்போம். இதெல்லாம் உதாரண விலைதான், உங்க ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கங்க.

- பிரீமிக்ஸ் 1 லிட்டர்: 350 ரூபாய்.
- கான்சன்ட்ரேட் 1 லிட்டர் 450 ரூபாய் + டிஸ்டில்ட் வாட்டர் 1 லிட்டர் 30 ரூபாய் = 2 லிட்டர் 480 ரூபாய். லிட்டருக்கு 240 ரூபாய்.

லிட்டர் கணக்கில் கான்சன்ட்ரேட் 110 ரூபாய் மிச்சம். ஆனா 150 சிசி முதல் 400 சிசி வரைக்கும் உள்ள பைக்குக்குப் பெரும்பாலும் ஒன்றரை லிட்டருக்குள்ளதான் தேவைப்படும். உங்களுக்கு ஒரு லிட்டர் போதும்னா, மீதி ஒரு லிட்டர் ரெண்டு வருஷம் ஷெல்ஃபில் தூங்கும். ஆக கையிலிருந்து போனது 480 ரூபாய். ஒரே ஒரு பைக் வெச்சிருக்கிறவங்களுக்குப் பிரீமிக்ஸ்தான் லாபம். ரூம்மேட்டுக்கும் அதே வகை கூலன்ட் கேட்கிற வண்டி இருந்தா, கான்சன்ட்ரேட் வாங்கிப் பங்கு போட்டுக்கலாம். லிட்டர் விலை குறைவுங்கிறதுக்காக வாங்காதீங்க, தேவைக்கு எவ்வளவு செலவுன்னு பாருங்க. மளிகைக் கடை காம்போ ஆஃபருக்கும் இதே விதிதான்.

எப்படி மாத்துறது?

வாரண்டி காலத்தில் இருக்கிற வண்டின்னா அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலேயே மாத்துங்க. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் வாரண்டியில் தகராறு வரக்கூடாது. வாரண்டி முடிஞ்ச வண்டியை வீட்டிலேயே மாத்தலாம். ஒரு மணி நேர வேலை. நீங்களே செய்யலைன்னாலும் படிச்சு வெச்சுக்கங்க. மெக்கானிக் எந்தப் படியைத் தாண்டுறார்னு தெரியும்.

1. இன்ஜின் முழுசா ஆறியிருக்கணும். முதல் நாள் ராத்திரி நிறுத்தி மறுநாள் காலையில் செய்யுறது நல்லது. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தா, அழுத்தத்தில் இருக்கிற கொதிநீர் முகத்தில் பாயும். இதில் மட்டும் விளையாட்டே வேண்டாம்.

2. சமதளத்தில் வண்டியை நேரா நிறுத்துங்க. கீழே அகலமான ட்ரே வைங்க. ரேடியேட்டர் மூடியை மெதுவா திறங்க.

3. பல வண்டிகளில் வாட்டர் பம்ப் மூடியில் ஒரு டிரெய்ன் போல்ட் இருக்கும். எந்த போல்ட்னு மேனுவலில் பார்த்துட்டுக் கழட்டுங்க. ரிசர்வாயர் டப்பாவில் இருக்கிற பழசையும் வெளியே எடுங்க. பலர் இதை அப்படியே விட்டுடுறாங்க.

4. வெளியே வந்ததைப் பாருங்க. நிறம் மங்கியிருந்தா சரி. துரு நிறமா இருந்தா உள்ளே அரிப்பு ஆரம்பிச்சிருக்கு. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தா உடனே மெக்கானிக்கைப் பாருங்க, ஹெட் கேஸ்கெட்டில் பிரச்சினை இருக்கலாம்.

5. டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தி, சில நிமிஷம் இன்ஜினை ஓட்டி, ஆற வெச்சு வடிங்க. தண்ணீர் தெளிவா வர்ற வரைக்கும் திரும்பச் செய்யுங்க. கடைசியில் வண்டியை ரெண்டு பக்கமும் சாய்ச்சு நல்லா வடிய விடுங்க. உள்ளே தங்குற தண்ணீர் புதுக் கூலன்ட்டை நீர்க்க வெச்சுடும்.

6. டிரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு மாட்டுங்க. மேனுவல் சொல்ற டார்க்குக்கு மேல முறுக்காதீங்க. அலுமினிய மரை போச்சுன்னா அதுக்குத் தனி பில்.

7. புதுக் கூலன்ட்டை மெதுவா ஊத்துங்க. நடுநடுவே ஹோஸை அமுக்கி விடுங்க. காற்றுக் குமிழி வெளியேறும். காற்றை வெளியேத்தத் தனி ஸ்க்ரூ இருக்கிற மாடலா இருந்தா அதையும் பயன்படுத்துங்க. உள்ளே காற்று மாட்டிக்கிட்டா அந்த இடத்துக்குக் கூலன்ட் போகாது.

8. மூடி திறந்தபடியே ரெண்டு மூணு நிமிஷம் ஐடிலில் ஓட விடுங்க. அளவு குறையும், நிரப்புங்க. குமிழி நின்னதும் மூடியை முழுசா மூடுங்க. ரிசர்வாயரில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே நிரப்புங்க.

9. ஃபேன் ஒருமுறை சுத்தி நிக்கிற வரைக்கும் வண்டியை ஓட்டிட்டு, கசிவு இருக்கான்னு பாருங்க. மறுநாள் காலையில் வண்டி குளிர்ந்த நிலையில் அளவை மறுபடியும் பாருங்க.

பழைய கூலன்ட்டை சாக்கடையிலோ செடியிலோ ஊத்தாதீங்க. எத்திலீன் கிளைக்கால் விஷம். இனிப்பா வேற இருக்கும். நாயோ பூனையோ நக்கினாலே உயிருக்கு ஆபத்து. வீட்டில் குழந்தைங்க இருந்தா கூலன்ட்டை எந்தக் காரணத்துக்காகவும் தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ ஊத்தி வைக்காதீங்க. வடிச்சதை மூடி போட்ட கேனில், லேபிள் ஒட்டி, சர்வீஸ் சென்டரில் கொடுத்துடுங்க.

சர்வீஸ் சென்டரில் கேட்க வேண்டிய நாலு கேள்வி

"ஜெனரல் சர்வீஸ் பண்ணியாச்சு"ன்னா கூலன்ட் மாத்தியாச்சுன்னு அர்த்தம் இல்லை. பெரும்பாலும் அளவு பார்த்து டாப்-அப் மட்டும்தான் நடந்திருக்கும். மரியாதையாவே கேளுங்க.

- ஜாப் கார்டில் "கூலன்ட் மாற்றம்"னு எழுதியிருக்கா, "டாப்-அப்"னு எழுதியிருக்கா?
- எந்த வகை ஊத்தப் போறீங்க? சீல் உடைக்காத டப்பாவைப் பார்க்கலாமா?
- பில்லில் எத்தனை லிட்டர்? (உங்க வண்டியோட கொள்ளளவு மேனுவலில் இருக்கு. ஒரு லிட்டர் பிடிக்கிற வண்டிக்கு ரெண்டு லிட்டர் பில் வந்தா காரணம் கேளுங்க, மீதியை வாங்கிக்கங்க.)
- பழசை வடிச்சு ஃப்ளஷ் பண்ணுவீங்களா?

மாத்தின தேதியையும் கிலோமீட்டரையும் ஃபோனில் குறிச்சு வைங்க. பில்லைப் படம் எடுத்து வைங்க. நாளைக்கு வண்டியை விக்கும்போது இந்த ஃபைல் உங்களுக்காகப் பேசும்.

சிக்னலில் சூடு விளக்கு எரிஞ்சா?

ஓரமா நிறுத்தி இன்ஜினை அணைங்க. "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே"ன்னு ஓட்டுனா, சில நூறு ரூபாயில் முடிய வேண்டியது பல ஆயிரத்துக்குப் போயிடும். மூடியைத் திறக்காதீங்க. இன்ஜின் மேல குளிர்ந்த தண்ணீர் ஊத்தாதீங்க. சூடான உலோகம் திடீர்னு சுருங்கினா விரிசல் விடலாம். நல்லா ஆறின பிறகு ரிசர்வாயரைப் பாருங்க. காலியா இருந்தா, கையில் கூலன்ட் இல்லைன்னா, அவசரத்துக்குப் பாட்டில் தண்ணீர் ஊத்தி மெக்கானிக் கடை வரைக்கும் போகலாம். அப்புறம் அதை வடிச்சு ஒழுங்கா நிரப்பிடணும். திரும்ப விளக்கு எரிஞ்சா வண்டியை ஏத்திட்டுப் போங்க, ஓட்டிட்டுப் போகாதீங்க.

அடிக்கடி டாப்-அப் தேவைப்பட்டாலும் அது கசிவுக்கான அறிகுறிதான். வாட்டர் பம்புக்கு அடியில் இருக்கிற சின்ன ஓட்டையில் சொட்டு தெரிஞ்சா சீல் போயிருக்குன்னு அர்த்தம். இன்ஜின் ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தா கூலன்ட் ஆயிலில் கலக்குது. அப்போ வண்டியை ஸ்டார்ட்டே பண்ணாதீங்க.

இப்போ பணக் கணக்கு

1,60,000 ரூபாய் லோன், 11 சதவீத வட்டி, 36 மாசம்னு வெச்சுக்கங்க. இஎம்ஐ சுமார் 5,238 ரூபாய்.

கூலன்ட் மாத்த 350 ரூபாய், கூலி 200 ரூபாய். மொத்தம் 550. ஒரு மாச இஎம்ஐயில் பத்தில் ஒரு பங்கு. அதுவும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை.

விட்டுட்டா? ஹெட் கேஸ்கெட், பிஸ்டன், சிலிண்டர்னு இன்ஜினைத் திறக்குற வேலை. பைக்கைப் பொறுத்து தொகை மாறும். 20,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். இது கிட்டத்தட்ட நாலு இஎம்ஐ. அந்த மாசமும் வழக்கமான இஎம்ஐ நிக்காது. வண்டி பத்து நாள் கடையில் நின்னா, ஆட்டோவுக்கு தினமும் 200 ரூபாய்னு இன்னொரு 2,000. கையில் பணம் இல்லாம கிரெடிட் கார்டில் தேய்ச்சு, மினிமம் மட்டும் கட்டினா? மாசம் 3.5 சதவீதம்னா 20,000-க்கு 700 ரூபாய் வட்டி, அதுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 126 ரூபாய். ஒரு மாச வட்டிக்குப் போற 826 ரூபாய், கூலன்ட் மாத்துற செலவைவிட அதிகம்!

"இன்சூரன்ஸ் இருக்கே"ன்னு நினைக்கிறவங்க பாலிசியை எடுத்துப் படிங்க. காம்ப்ரிஹென்சிவ் பாலிசியிலேயே தேய்மானம், மெக்கானிக்கல் பிரேக்டவுன் இதெல்லாம் விலக்குப் பட்டியலில் இருக்கும். இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் எடுத்திருந்தாலும், அது பொதுவா வெள்ளத் தண்ணீர் உள்ளே போறது, அடிபட்டு ஆயில் கசியுறது மாதிரி சம்பவங்களுக்குத்தான். பராமரிக்காததால சூடேறிக் கெட்ட இன்ஜினுக்குப் பணம் வராது. வாரண்டியும் அப்படித்தான். சர்வீஸைத் தவறவிட்டா கைவிரிச்சுடுவாங்க. ஆக இந்த ரிஸ்க் முழுக்க உங்க பாக்கெட்டில்தான் இருக்கு.

மாசம் எவ்வளவு ஒதுக்கணும்?

பைக்குக்குன்னு தனியா ஒரு சின்ன சேமிப்பு வைங்க. எமர்ஜென்ஸி ஃபண்டை இதுக்குத் தொடக் கூடாது. டயர் தேயும்னு இன்னைக்கே தெரியும். தெரிஞ்ச செலவு எமர்ஜென்ஸி ஆகாது. வருஷக் கணக்கு ஒண்ணு, உதாரணத்துக்கு:

- ரெகுலர் சர்வீஸ்: 4,000
- இன்சூரன்ஸ் ரினிவல்: 3,500
- டயர் (3 வருஷத்துக்கு 7,500): 2,500
- செயின் ஸ்ப்ராக்கெட் (3 வருஷத்துக்கு 3,600): 1,200
- பேட்டரி (3 வருஷத்துக்கு 1,500): 500
- கூலன்ட் (2 வருஷத்துக்கு 550): 275

மொத்தம் 11,975 ரூபாய். மாசம் சுமார் 1,000. அதில் கூலன்ட்டோட பங்கு 23 ரூபாய், ஒரு டீயும் ஒரு வடையும். சம்பளம் வந்த மறுநாள் இந்த 1,000 ரூபாய் தனி சேமிப்புக் கணக்குக்கோ ஆர்டிக்கோ தானா போற மாதிரி செட் பண்ணிடுங்க. புதுசா பைக் வாங்கப் போறவங்க, இஎம்ஐயோட இந்த 1,000-ஐயும் பெட்ரோலையும் சேர்த்துத்தான் "என்னால முடியுமா"ன்னு பார்க்கணும். 5,238 முடியும், 6,238 முடியாதுன்னா அந்த பைக் இப்போதைக்கு உங்க பட்ஜெட்டில் இல்லை.

இந்த சனிக்கிழமை வீட்டுப்பாடம்

1. காலையில் வண்டி ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ரிசர்வாயர் அளவைப் பாருங்க. ஃபோன் டார்ச் போதும்.
2. மேனுவலில் கூலன்ட் பக்கத்தைத் தேடி வகை, கொள்ளளவு, மாத்த வேண்டிய காலம் மூணையும் படம் எடுங்க.
3. கடைசியா எப்போ மாத்தினதுன்னு பழைய பில்லில் தேடுங்க. கிடைக்கலைன்னா, மாத்தவே இல்லைன்னு வெச்சுக்கிட்டு அடுத்த சர்வீஸில் மாத்திடுங்க.

இதுக்குப் பத்து நிமிஷம் போதும். செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கினவங்க மூணாவதை முதல்ல செய்யுங்க.

அடுத்த பாடத்தில் பைக் இன்சூரன்ஸ் ரினிவலில் எந்த ஆட்-ஆன் தேவை, எது தேவையில்லைன்னு வரி வரியா பார்க்கலாம். புதுசா பைக் வாங்கின நண்பர் யாராவது இருந்தா இதை அனுப்பி வைங்க.